கல்லின் விலையும் மேடையின் விலையும்

சமையலறையைப் புதுப்பிக்கத் தொடங்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கிரானைட் சதுர அடி என்ன விலை?" என்பதுதான். கடையிலும் பதில் அதே கணக்கில்தான் கிடைக்கும். நாலு கடை ஏறி இறங்கி, சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்துவிட்டால் லாபம் என்று மனம் நிறைந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் அந்த எண்ணில் பொய்யில்லை. ஆனால் அது அடுக்கி வைத்திருக்கும் ஸ்லாப்பின் விலை. உங்கள் வீட்டில் சிங்க்கும் அடுப்பும் பொருத்தி, விளிம்பு மழித்து, ரசமட்டம் பார்த்து உட்கார வைத்த மேடையின் விலை வேறு. சாதாரணக் கிரானைட் போடும் வீட்டில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. அந்தத் தூரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கல்லின் நிறத்தைவிட மேடையின் வரைபடம்தான். ஆகவே கல் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மேடையை அளவோடு வரைந்துவிடுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் கூலியும் விலையும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். 'எல்' வடிவ மேடை. ஒரு சுவரில் 10 அடி, அடுத்த சுவரில் 7 அடி, அகலம் 2 அடி. மூலையை இரண்டு முறை எண்ணாமல் பார்த்தால் பரப்பு 30 சதுர அடி. கடையில் பிடித்த ஸ்லாப் 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், அதாவது 49.5 சதுர அடி. சதுர அடி 160 ரூபாய் என்று வைத்தால் ஸ்லாப்புக்கு 7,920 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறக்குறைய 9,350. பெரும்பாலான கடைகளில் ஸ்லாப்பை முழுசாகத்தான் தருவார்கள். அப்படியானால் மேடையில் ஏறிய 30 சதுர அடிக்கு நீங்கள் கொடுத்தது சதுர அடிக்கு 311 ரூபாய். 160 என்று பேசி முடித்த கல், இன்னும் டெம்போவில் ஏறாத நிலையிலேயே ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது.

இனி மற்றவை. முன் விளிம்பு இரண்டு கைகளிலும் சேர்த்து 13 அடி. ஒரு முனை சுவரில் முட்டாமல் திறந்திருந்தால் அதற்கு 2 அடி. இந்த 15 அடிக்கும் மோல்டிங் செய்ய, ரன்னிங் அடிக்கு 120 ரூபாய் என்றால் 1,800. சிங்க்குக்கும் ஹாப் அடுப்புக்கும் துளை வெட்ட 1,600. அடியில் தாங்கும் கடப்பா கல்லுக்கு 1,800. பதிக்கும் கூலி 2,400. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 2,000. பழைய மேடையை உடைத்துக் குப்பையை அப்புறப்படுத்த 4,000. ஆக 13,600 ரூபாய். கல்லையும் சேர்த்தால் மொத்தம் 22,950. இதில் வரியோடு சேர்ந்த கல்லின் பங்கு நூற்றுக்கு நாற்பதுதான். கல்லின் விலை 160-இலிருந்து 200 ஆக, கால் பங்கு உயர்ந்தாலும் மொத்தச் செலவில் கூடுவது சுமார் 2,300 ரூபாய்; பத்தில் ஒரு பங்கு. ஆனால் வெட்டும் கணக்கு தவறி இன்னொரு ஸ்லாப் வாங்க நேர்ந்தால் ஒரே அடியில் 9,350 ரூபாய் கூடும். நல்ல கல்லுக்கு மாறுவதைவிட நாலு மடங்கு செலவு, அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் மூலையில்தான். மேலே சொன்ன மேடையில் 10 அடிக் கையை மூலைவரை முழுசாக ஓடவிட்டால் 10 அடி நீளத் துண்டு வேண்டும். 9 அடி ஸ்லாப்பில் அது கிடைக்காது. ஒன்று அதைவிடப் பெரிய ஸ்லாப் தேடவேண்டும், அல்லது நீளக் கையின் நடுவில் ஓர் ஒட்டு விழும். அதற்குப் பதிலாக 7 அடிக் கையை மூலைவரை ஓடவிட்டால் எதிர்க் கைக்கு 8 அடி போதும். 8 அடி, 7 அடி என்ற இரண்டு பட்டைகளும் அதே 9 அடி ஸ்லாப்பில் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும். ஒட்டு மூலையில், தண்ணீரும் நெருப்பும் இல்லாத இடத்தில் வந்து சேரும். ஸ்லாப்பின் ஐந்தரை அடி அகலத்தில் 4 அடி போக, ஒன்றரை அடி அகலத்தில் 9 அடி நீளப் பட்டை மிஞ்சும். சுவரோரம் 4 அங்குல ஸ்கர்ட்டிங் 17 அடிக்கு வேண்டுமென்றால் அதிலேயே இரண்டு பட்டை எடுக்கலாம். மீதி ஜன்னல் படிக்கு ஆகும். கல்லும் அதுவே, விலையும் அதுவே. தாளில் ஒரு கோட்டை இடம் மாற்றியதில் ஓர் ஒட்டும் கொஞ்சம் வீணும் மிச்சம். சிறிய அகலத்தில் வரும் கட்டர் ஸ்லாப் கிடைத்தால் அதையும் இதே போல் தாளில் வைத்துப் பாருங்கள். இரண்டேகால் அடி அகலமுள்ள துண்டில் பட்டைக்கு மேல் வீணாவது மிகக் குறைவு. அந்தக் கல்லின் சதுர அடி விலை சற்றே கூடுதலாக இருந்தாலும் முடிவில் அதுவே மலிவாக முடியக்கூடும்.

வரைபடத்தில் அடுத்து வரவேண்டியவை துளைகள். 24 அங்குல அகல மேடையில் 18 அங்குல சிங்க்கை வைத்தால் முன்னால் மூன்று அங்குலமும் பின்னால் மூன்று அங்குலமுமாக இரண்டு ஒல்லியான பட்டைகள் மட்டுமே கல்லை இணைத்துப் பிடித்திருக்கும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். எட்டு அடித் துண்டை இரண்டு பேர் இரு முனையில் தூக்கி மாடிப்படி ஏறும்போது அந்த மூன்று அங்குலப் பட்டையில்தான் விரிசல் விழுகிறது. அதனால் சிங்க்கை வாங்கி வைத்துவிட்டு, அதன் உண்மையான அளவைக் கல் வெட்டுபவரிடம் கொடுங்கள். விளம்பரத் தாளில் உள்ள அளவு போதாது. அடுப்புக்கும் இதுவே விதி. துளை வெட்டிய பிறகு சிங்க்கை மாற்றினால், மாற்றுவது சிங்க் மட்டுமாக இருக்காது.

முன் விளிம்பைப் பற்றி ஒன்றை வலியுறுத்திச் சொல்லவேண்டும். பலர் மோல்டிங்கின் வடிவத்துக்கு யோசிக்கிறார்கள். அரை வட்டமா, சரிவா, அடியில் ஒரு பட்டை ஒட்டி இரட்டைத் தடிமனாகக் காட்டுவதா என்று. இரட்டைப் பட்டை ஒட்டினால் கல்லும் கூடும், கூலியும் கூடும், ஒட்டிய கோட்டில் அழுக்கும் சேரும். பார்வைக்கு மட்டுமே அது. இதே பணத்தில் மிகச் சிறிய பங்கைச் செலவழித்து, கல்லின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு மெல்லிய காடி எடுக்கச் சொல்லுங்கள். மேடையில் சிந்தும் தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே போகும் வழக்கமுடையது. காடியை எட்டியதும் அதைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். இந்தக் காடி இல்லாத மேடையில்தான் சிங்க்குக்குக் கீழ்ப்பலகை இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் உப்பி உதிர்கிறது. அலமாரிக் கதவை மாற்றும் செலவை யாரும் கல்லின் கணக்கில் எழுதுவதில்லை; ஆனால் அது கல்லின் கணக்குத்தான்.

புதுப்பிக்கும் வீட்டில் இன்னொரு பெரிய செலவு உடைப்பது. நம் ஊர்ப் பழைய சமையலறைகள் பலவற்றில் செங்கல் தாங்கு சுவர்களின் மேல் கடப்பா கல் போட்டு, அதையே மேடையாக வைத்திருப்பார்கள். அந்தக் கடப்பா ஆடாமல், விரிசலில்லாமல் இருந்தால் அதை உடைக்கவேண்டிய அவசியமே இல்லை. புதுக் கிரானைட்டை அதன்மேல் கலவையிட்டுப் பதித்தால் அடிக்கல் செலவும் மிச்சம், உடைப்புக் கூலியும் மிச்சம். நம் உதாரணத்தில் இந்த இரண்டும் சேர்ந்து 5,800 ரூபாய், மொத்தத்தில் கால் பங்கு. மேடை ஒன்றரை அங்குலம்வரை உயரும் என்பதால் மூன்று இடங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்: சமைப்பவரின் முழங்கை உயரத்துக்கு அது ஒத்துவருகிறதா, குழாயின் மூக்குக்கும் சிங்க்குக்கும் நடுவே பெரிய குண்டான் வைக்க இடம் இருக்குமா, சுவரிலுள்ள பிளக் பாயின்ட் மேடைக்கு மிக அருகில் வந்துவிடுமா. மேடை ஏற்கெனவே உயரமாக இருந்தாலோ, செங்கல் தாங்கலை எடுத்துவிட்டு மாடுலர் அலமாரி வைப்பதாக இருந்தாலோ இந்த வழி ஆகாது. ஆனால் கேட்காமலே உடைக்கச் சம்மதிப்பவர்கள்தான் அதிகம்.

"இதெல்லாம் சாதாரணக் கிரானைட்டுக்குப் பொருந்தலாம்; விலையுயர்ந்த கல்லை எடுத்தால் கல்தானே முக்கியச் செலவு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சதுர அடி 1,000 ரூபாய்க் கல்லில் கூலியெல்லாம் சிறு தொகைதான். ஆனால் அங்கே வீணாகும் கல்லின் விலையைப் பாருங்கள். மேலே சொன்ன ஸ்லாப்பில் மேடைக்குப் போக மிஞ்சிய 19.5 சதுர அடிக்கு, வரியோடு 23,010 ரூபாய். சாதாரணக் கல்லில் ஒரு முழு மேடையே முடிந்துவிடும் தொகை. கல்லின் விலை ஏற ஏற வரைபடத்தின் மதிப்பும் ஏறுகிறதே தவிர, குறைவதில்லை.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு விலை வேறுபாடு என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வலிமைக்கும் விலைக்கும் நேரான தொடர்பு இல்லை. ஒரு குவாரியில் வெட்டியெடுக்கும் பாறையில் வெடிப்பும் நிறத்திரிபும் இல்லாத பெரிய கட்டிகள் எவ்வளவு தேறுகின்றன, அந்த நிறத்தை உலகில் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவைதான் விலையை ஏற்றுகின்றன. ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி, கறுப்பில் பொன்துகள் மின்னுவதற்காகவே ஏற்றுமதியாகிறது. அதன் விலையில் ஒரு பகுதி அந்த மினுக்குக்கு. காஷ்மீர் ஒயிட் என்ற கல்லின் பெயரில்தான் காஷ்மீர் இருக்கிறது. அது நம் மதுரைப் பக்கத்துக் கல். வெண்மையில் செம்புள்ளி தெளித்த அழகான கல்தான், ஆனால் கறுப்புக் கற்களைவிட நீரை உறிஞ்சும்; அடுப்படியில் எண்ணெயும் மஞ்சளும் படிந்தால் உள்ளிறங்கும். கிரானைட் என்று விற்கும் கறுப்புக் கற்களில் பல, நிலவியல்படி டோலரைட், காப்ரோ வகையைச் சேர்ந்தவை. அடர்த்தி மிகுந்தவை, கறை எளிதில் ஏறாது. ஆனால் போர் தண்ணீர் வரும் வீட்டில் குழாயடியில் உப்பு வெள்ளையாகப் படிவது கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றத் தொடங்கினால் பாலிஷ் மங்கிவிடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் நடுத்தரச் சாம்பல், பழுப்பு நிறங்களைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். அவை பெரும்பாலும் விலையிலும் நடுத்தரமானவை. கடையில் கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடம் இருண்டு நின்றால் அந்தக் கல்லுக்கு சீலர் பூசவேண்டும். காலவாரியாகத் திரும்பவும் பூசவேண்டும். அந்தச் செலவும் விலையோடு சேர்ந்ததே.

மார்பிளைச் சமையல் மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்பிள் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அரிக்கும். நம் சமையலில் அமிலம் இல்லாத வேளை எது? புளிக் கரைசல், எலுமிச்சை, தயிர், தக்காளி, பொங்கி வழியும் இட்லி மாவு என்று எல்லாமே அதன் மேல் மங்கிய தடத்தை விட்டுப் போகும். அது கறையாக இருந்தால் கழுவலாம். கல்லின் மேற்பரப்பே கரைந்த தடம் என்பதால் திரும்பப் பாலிஷ் போட்டால்தான் போகும். பூஜை அறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் மார்பிளை வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்ஸ் போடச் சொல்பவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. நிறம் சீராக இருக்கும், உறிஞ்சாது, சீலர் வேண்டாம். ஆனால் அது ரெசின் சேர்த்துக் கட்டிய கல். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் நிறம் மாறலாம், வெடிக்கவும் செய்யலாம். நம் வீடுகளில் கொதிக்கும் குக்கரைத் துணி விரித்து இறக்குவது ஒழுங்காக நடக்கும் என்று எண்ணி முதலீடு செய்யவேண்டாம். இன்னொன்றும் உண்டு. குவார்ட்ஸ் பலகையில் படிகச் சிலிக்கா மிக அதிகம். பெரும்பாலான வகைகளில் பத்தில் ஒன்பது பங்குவரை. அதை வெட்டும் தூசியால் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் வந்ததையடுத்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லுக்கே தடை விதித்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. ஆகவே எந்தக் கல்லானாலும் வெட்டுவதும் மழிப்பதும் பட்டறையில், தண்ணீர் ஊற்றியபடி நடக்கவேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் உலர்ந்த கல்லில் கட்டிங் மெஷின் ஓடும்போது எழும் வெண்புகை, முகத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் போகிறது. பட்டறையில் வெட்டுவதற்குச் சில நூறு ரூபாய் கூடினால் அது கொடுக்கவேண்டிய பணம். பழைய வீட்டுச் சுவர்கள் மூலைமட்டத்துக்கு நிற்காது, அதனால் வீட்டில் வைத்துத்தான் வெட்டமுடியும் என்பார்கள். மூலையின் வடிவத்தை அட்டையில் வெட்டியெடுத்துப் பட்டறைக்கு அனுப்பினால் வீட்டில் மிஞ்சுவது சிறு திருத்தம் மட்டுமே.

"இத்தனை கணக்கும் எதற்கு, மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிடலாமே" என்பது பலரின் வழி. வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது வசதியும்கூட. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்காவிட்டால், குறைக்கக்கூடிய இடத்திலெல்லாம் குறையும்: கல்லின் தடிமன், அடிக்கல், மோல்டிங், துளை. 20 மில்லிமீட்டர் என்று சொன்ன கல் ஓரங்களில் 15, 16 இருப்பது உண்டு. இறக்குவதற்கு முன்பே நான்கு மூலையிலும் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கறுப்புக் கல்லாக இருந்தால் வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோனைத் தொட்டு ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியது. ஸ்லாப்பை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல கல்லில் கணீரென்ற ஒலி வரும். உள்வெடிப்பு உள்ள இடத்தில் ஒலி அமுங்கும்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்ற யோசனை எல்லாக் கடையிலும் காதில் விழும். 2017 நவம்பர்வரை கிரானைட் ஸ்லாப்புக்கு வரி 28 சதவீதமாக இருந்தது. அப்போதிலிருந்து வந்த பழக்கமும் இதில் உண்டு. நம் உதாரணத்தில் அந்த மிச்சம் 1,425 ரூபாய். அதற்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது, கல் விரிசல் விட்டால் கடைக்காரரிடம் கேட்கும் உரிமையை. பில் இல்லாத கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்பதற்கும் சான்று இராது. மதுரை மாவட்டத்துக் கிரானைட் முறைகேடுகள் 2012-இல் வெளிச்சத்துக்கு வந்து, 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை விசாரிக்க நியமித்தபோது, கண்மாய்களுக்கும் குன்றுகளுக்கும் நேர்ந்தது என்ன என்று நாமெல்லாம் படித்தோம். கணக்கில் வராத கல் மலிவாகக் கிடைப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது: கல் எடுக்கும்போது ஒரு பங்கு, பதித்து முடித்ததும் ஒரு பங்கு, ஒட்டுகள் காய்ந்து ஒரு வாரம் கழித்து மீதி. அந்த வாரக் கடைசியில் மேடையின் தூரக் கோடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். சமையல் மேடை பார்வைக்கு மட்டமாகத் தெரிந்தாலும் சிங்க் பக்கமாக நூலளவு சரிவு இருக்கவேண்டும். தண்ணீர் சுவரோரம் போய்த் தேங்கினாலோ, மூலை ஒட்டில் இறங்கினாலோ, அடிப்பக்கக் காடியைத் தாண்டி அலமாரியை நனைத்தாலோ அன்றைக்கே மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கலவை முழுசாக இறுகுவதற்குள் சரிசெய்தால் கல்லை உடைக்காமல் முடியும்.